ஒரு சிவப்பு ராட்சத விண்மீனை அடையாளம் காண்பது எப்படி? பெயர், தூரம், அளவு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்காவின் மகள் பிறந்தபோது, அவள் பெயரை ஒரு விண்மீனுக்குச் சூட்டித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். அழகான சான்றிதழ் ஒன்று வந்தது. அதில் ‘சிவப்பு ராட்சத விண்மீன்’ என்று எழுதி, கீழே இரண்டு எண்களில் அதன் வான முகவரியும் கொடுத்திருந்தார்கள். குழந்தைக்கு அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் பைனாகுலரோடு பல இரவுகள் தேடினேன். கிடைக்கவில்லை. பட்டியல்களைப் படிக்கக் கற்றுக்கொண்டு சரிபார்த்தபோது மூன்று உண்மைகள் தெரிந்தன. அந்த முகவரியில் இருந்த விண்மீன் வெறும் கண்ணுக்கும் என் பைனாகுலருக்கும் எட்டாத அளவு மங்கலானது. அது ராட்சத விண்மீனே அல்ல. அந்தப் பெயரை உலகில் எந்த வானியலாளரும் ஏற்கப் போவதில்லை.

அதன் பிறகு, உண்மையான ஒரு சிவப்பு ராட்சதனை நானே தேர்ந்தெடுத்து, அதன் பெயர்களையும் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி முடிக்க ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஆயின. அதில் பாதிக்கு மேல் தவறான வழிகளில் கழிந்த காலம். சரியான வரிசையில் போனால் இரண்டு இரவுகளும் ஒரு மாலையும் போதும். அந்த வரிசை இதோ.

1. தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

கட்டாயம் வேண்டியவை: ஒரு நோட்டு, சிவப்பு வெளிச்சம் தரும் சிறு விளக்கு (சாதாரண டார்ச்சின் முகப்பில் சிவப்புக் காகிதம் ஒட்டினாலும் போதும்), இணைய இணைப்பு, கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு கால்குலேட்டர். இருந்தால் நல்லது: 7×50 அல்லது 10×50 வகைப் பைனாகுலர். வேண்டவே வேண்டாதது: தொலைநோக்கி. நாம் வாங்கக்கூடிய எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் விண்மீன் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ராட்சதன் என்ற சொல்லை நம்பி, பெரிய வட்டம் தெரியும் என்று எதிர்பார்த்துத் தொலைநோக்கி வாங்கி ஏமாந்தவர்களை அறிவேன்.

ஆவணங்கள் எல்லாமே இலவசம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உள்ள வானியல் தரவு மையம் நடத்தும் ‘சிம்பாட்’ தரவுத்தளத்தில் விண்மீனின் பெயரைக் கொடுத்தால் அதன் எல்லாப் பட்டியல் எண்களும் அளவுகளும் ஒரே பக்கத்தில் வரும். பதிவு செய்ய வேண்டியதில்லை. வான வரைபடத்துக்கு ‘ஸ்டெல்லேரியம்’ மென்பொருளைக் கணினியில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் தாண்டி யாராவது பணம் கேட்டால், எதற்குக் கேட்கிறார் என்பதை நிதானமாக யோசியுங்கள்.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். தமிழ்ப் புத்தகங்களில் சிவப்பு அரக்கன், சிவப்பு ராட்சதன், செம்பெரு விண்மீன் எனப் பல பெயர்களில் இது வரும். எல்லாம் ஒன்றே: மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததால் ஊதிப் பெரிதாகி, மேற்பரப்பு குளிர்ந்து சிவந்த விண்மீன்.

2. எந்த விண்மீனைத் தேர்ந்தெடுப்பது

முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று: ரிஷப மண்டலத்தின் அல்டெபரான். நம் நட்சத்திர வரிசையில் ரோகிணி. பிரகாசமானது, நகர வெளிச்சத்திலும் தெரிவது, பூமியின் வட, தென் பகுதிகள் இரண்டிலும் மக்கள் வாழும் இடங்களில் எல்லாம் பார்க்கக் கூடியது. அதைப் பற்றிய அளவீடுகளும் ஏராளம்.

அல்டெபரான் தெரியாத மாதங்களில் ஆர்க்டரஸைப் பிடியுங்கள். அதுதான் சுவாதி. சூரியனிலிருந்து சுமார் 37 ஒளியாண்டு தூரத்தில், வட வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீனாக இருக்கும் சிவப்பு ராட்சதன் அது. தெற்கே இருப்பவர்களுக்குத் தென்சிலுவை மண்டலத்தின் உச்சியில் இருக்கும் காக்ரக்ஸ் பொருத்தமானது. மற்ற இரண்டையும்விட அது ஆழ்ந்த சிவப்பு.

இங்கே புதியவர்கள் விழும் குழிகள் நான்கு.

முதலாவது, திருவாதிரையும் கேட்டையும். மேற்கத்தியப் பெயர்கள் பெட்டல்ஜூஸ், அன்டாரெஸ். இரண்டும் சிவப்பாக இருப்பதால் பலர் இவற்றைச் சிவப்பு ராட்சதர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இவை அதற்கும் மேற்பட்ட ‘மீராட்சத’ வகை. சூரியனைப் போலப் பத்து மடங்குக்கு மேல் நிறையோடு பிறந்தவை, கடைசியில் வெடித்துச் சிதறப் போகிறவை. சாதாரணச் சிவப்பு ராட்சதனின் வாழ்க்கை வேறு, முடிவும் வேறு.

இரண்டாவது, செவ்வாய். அது கோள். சில ஆண்டுகளில் அல்டெபரானுக்கு அருகிலேயே வந்து, அதே நிறத்தில் நிற்கும். இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். இடம் மாறியிருந்தால் அது செவ்வாய்.

மூன்றாவது, அடிவானத்துக்கு அருகில் இருக்கும் எந்த விண்மீனும் சிவந்து தெரியும். நம் காற்று மண்டலம் நீல ஒளியைச் சிதறடித்துவிடுவதே காரணம். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்துக்கு மேல் ஏறிய பிறகே நிறத்தைப் பற்றி நோட்டில் எழுதுங்கள்.

நான்காவது, ‘சிவப்பு’ என்ற சொல்லே. மிளகாய்ச் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். அல்டெபரான் தணல் நிறம். அதனால் சில நூல்கள் அதை ‘ஆரஞ்சு ராட்சதன்’ என்கின்றன. இரண்டு பெயரும் சரிதான். ‘ஆரஞ்சு’ என்பது கண்ணுக்குத் தெரியும் நிறத்தைச் சொல்கிறது. மற்றொன்று விண்மீனின் வாழ்வில் எந்தக் கட்டம் என்பதைச் சொல்கிறது.

3. எப்போது பார்ப்பது

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை அல்டெபரானைத் தேட வேண்டாம். அப்போது சூரியன் வானில் அதற்கு அருகில் இருப்பதால் பகல் வெளிச்சத்தில் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் விடியலுக்குச் சற்று முன் கிழக்கில் தலைகாட்டும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மறையும் வேளையில் உதித்து, நள்ளிரவில் உச்சிக்கு வரும்.

மாலையில் வசதியாகப் பார்க்க டிசம்பர் முதல் மார்ச் வரை சிறந்த காலம். ஏப்ரலில் மேற்கில் தாழ்ந்துவிடும். ஆர்க்டரஸுக்கு ஏப்ரல் கடைசி முதல் ஜூலை வரை, காக்ரக்ஸுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை மாலை வானம் ஏற்றது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால் நிறம் நன்றாகத் தெரியும்.

வெளியே வந்தவுடன் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

4. வானில் கண்டுபிடிப்பது

ஓரியன் மண்டலத்தில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் எல்லோருக்கும் தெரியும், வேட்டைக்காரனின் இடைவார். அந்த மூன்றையும் ஒரு கோடாக நீட்டுங்கள். ஒரு பக்கம் போனால் வானிலேயே மிகப் பிரகாசமான, வெள்ளை நிறச் சிரியஸ் வரும். எதிர்ப்பக்கம் போனால், கையை நீட்டி விரல்களை விரித்தால் எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில், கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி, தணல் நிறத்தில் ஒன்று நிற்கும். அதுதான் அல்டெபரான். இன்னும் அதே திசையில் போனால் கொத்தாக நிற்கும் கார்த்திகை மீன்கள் வரும். கார்த்திகையும் தெரிந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பைனாகுலரில் பாருங்கள். அல்டெபரானைச் சுற்றி ஒரு பக்கம் சாய்ந்த ஆப்பு வடிவில் சிறு விண்மீன்கள் தெரியும். ஹயடீஸ் கூட்டம் அது. அல்டெபரான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று முதல் நாளே நோட்டில் எழுதிவைத்தேன், பிறகு அடித்தேன். கூட்டம் சுமார் 150 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அல்டெபரான் அதில் பாதிக்கும் குறைவான தூரத்தில், தற்செயலாக அதே திசையில் நிற்கிறது.

நிறத்தைத் தெளிவாகப் பார்க்க ஒரு வழி உண்டு. பைனாகுலரின் குவியத்தைச் சற்றே கலைத்து, புள்ளியைச் சிறு வட்டாக்குங்கள். கூர்மையான புள்ளியைவிட அந்த வட்டில் நிறம் பளிச்சென்று விளங்கும். அதே முறையில் சிரியஸையும் பார்த்து ஒப்பிட்டால், இரண்டின் வெப்பநிலை வேறுபாட்டையே கண்ணால் காண்பதாக அர்த்தம்.

5. பெயர்களைத் திரட்டுவது

என்னை மிக அதிகமாகக் குழப்பிய பகுதி இது. ஒரு விண்மீனுக்கு ஒரு பெயர் என்று நினைத்திருந்தேன். அல்டெபரானுக்குச் சிம்பாட் பக்கத்தில் நீளமான வரிசையே வரும். அத்தனையும் வேண்டாம். உங்கள் தாளில் ஐந்து வகை போதும்.

அதிகாரப்பூர்வப் பெயர்: அல்டெபரான். ‘பின்தொடர்வது’ என்ற பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கார்த்திகை மீன்களுக்குப் பின்னால் உதிப்பதால் அப்படி. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விண்மீன் பெயர்க் குழு இதை 2016இல் முறைப்படி ஏற்றது.

மரபுப் பெயர்: ரோகிணி. ஒரு எச்சரிக்கை. ரோகிணி என்பது பஞ்சாங்கத்தில் 13 பாகை 20 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகலமுள்ள ஒரு வான்பகுதியையும் குறிக்கும். அந்தப் பகுதியின் முதன்மை விண்மீன்தான் அல்டெபரான். ‘இன்று நிலா ரோகிணியில்’ என்றால் நிலா அந்த விண்மீனை ஒட்டி நிற்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

எழுத்துப் பெயர்: ஆல்ஃபா டௌரி. கிரேக்க எழுத்தும் மண்டலத்தின் லத்தீன் பெயரும் சேர்ந்தது. மண்டலத்தின் பெயர் டாரஸ். ‘டாரஸினுடைய’ என்னும்போது டௌரி ஆகிறது. ‘ஆல்ஃபா டாரஸ்’ என்று எழுதினால் தவறு. இந்த வேற்றுமை உருபை அறியாமல் தேடினால் சில தரவுத்தளங்களில் எதுவும் கிடைக்காது. ஆல்ஃபா என்றால் மண்டலத்திலேயே பிரகாசமானது என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லா இடத்திலும் அது பொருந்தாது. ஓரியனில் ஆல்ஃபா பெட்டல்ஜூஸ்தான், ஆனால் பீட்டாவான ரீகல் பெரும்பாலும் அதைவிடப் பிரகாசம்.

எண் பெயர்: 87 டௌரி. ஒரு மண்டலத்தின் விண்மீன்களுக்கு இட்ட வரிசை எண் இது; ஃபிளாம்ஸ்டீட் எண் என்பார்கள்.

பட்டியல் எண்கள்: ஹெச்ஆர் 1457, ஹெச்டி 29139, ஹெச்ஐபி 21421. முதலாவது பிரகாசமான விண்மீன்களின் பட்டியல், இரண்டாவது நிறமாலை வகைப் பட்டியல், மூன்றாவது ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் அளந்த பட்டியல். இவற்றில் குறைந்தது இரண்டைக் கட்டாயம் எழுதுங்கள். பெயர் எந்த மொழியில் எப்படி மாறினாலும் எண் மாறாது.

ஒளி மாறும் விண்மீன்களுக்குத் தனி முறை இருக்கிறது. மண்டலப் பெயருக்கு முன் லத்தீன் எழுத்துகள் ஆர் முதல் இசட் வரை, பிறகு இரட்டை எழுத்துகள். இப்படி ஒரு மண்டலத்தில் 334 பெயர்கள் தீர்ந்ததும், வி335 என்று எண்ணாகத் தொடரும். சிவப்பு ராட்சதர்களில் ஒளி மாறுபவை ஏராளம் என்பதால் இந்த வகைப் பெயர்கள் உங்கள் கண்ணில் அடிக்கடி படும். முன்பே பேயர் எழுத்து (மேலே சொன்ன எழுத்துப் பெயர்) பெற்றவற்றுக்கு மட்டும் இப்படிப் புதிய பெயர் வைப்பதில்லை. செட்டஸ் மண்டலத்தில் இருக்கும் மீரா என்ற ஒளி மாறும் சிவப்பு ராட்சதன் இன்றும் ஓமிக்ரான் செட்டிதான்.

காக்ரக்ஸின் பெயர் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. பழைய பெயர்போல ஒலிக்கிறது. உண்மையில் ‘காமா’, ‘க்ரக்ஸ்’ என்ற இரண்டையும் ஒட்டிய சொல்தான் அது. மக்கள் பயன்படுத்தினார்கள், வழக்கில் நிலைத்தது, பிறகு ஒன்றியம் ஏற்றது. பெயர்கள் நிலைபெறும் வழி அதுவே.

வான முகவரியையும் எழுதுங்கள் (வல ஏற்றம் வானத்தின் தீர்க்கரேகை போன்றது, நடுவரை விலக்கம் அட்சரேகை போன்றது): வல ஏற்றம் 4 மணி 35 நிமிடம் 55 வினாடி, நடுவரை விலக்கம் வடக்கு 16 பாகை 30 கலை. இது 2000ஆம் ஆண்டுக்கான கணக்கு. ஆண்டைக் குறிக்காத முகவரியால் பயனில்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் எண்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பழைய பட்டியல்களில் 1950ஆம் ஆண்டுக்கான எண்கள் இருக்கும். என் சான்றிதழில் ஆண்டே இல்லை. இரண்டு முறையிலும் தேட வேண்டியிருந்தது.

6. பெயர் விற்பனை பற்றி

நேராகச் சொல்கிறேன். விண்மீன் பெயரை யாரும் விற்க முடியாது. சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை, விற்க யாருக்கும் உரிமம் கொடுத்ததும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் சான்றிதழ் அந்த நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் ஒரு வரி. ஒரே விண்மீனை இன்னொரு நிறுவனம் வேறொருவர் பெயரில் விற்பதைத் தடுக்கவும் எதுவும் இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சான்றிதழில் உள்ள முகவரியைச் சிம்பாட்டின் இட வாரியான தேடலில் கொடுத்து, இரண்டு கலை சுற்றளவுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். பொலிவு எண்ணைக் கவனியுங்கள். இந்த எண் சிறியதாக இருந்தால் பிரகாசம், பெரியதாக இருந்தால் மங்கல். நல்ல இருட்டில் கண்ணுக்கு எட்டுவது 6 வரை, பைனாகுலருக்கு 9 அல்லது 10 வரை. அதற்கு மேல் என்றால் அதைக் காட்டிக் குழந்தையை மகிழ்விக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதென்றால் ஒப்புக்கொண்ட விதிமுறைகளில் ‘நினைவுப் பரிசு’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். என் விஷயத்தில் அந்தச் சொல் ஒன்றே கதவை அடைத்துவிட்டது.

பொதுமக்கள் உண்மையாகவே பெயர் சூட்ட வழி இருந்திருக்கிறது. கோள்கள் சுற்றிவரும் தொலைதூர விண்மீன்களுக்காக ஒன்றியம் 2015, 2019, 2022 ஆண்டுகளில் போட்டிகள் நடத்தியது. கட்டணம் இல்லை. ஆனால் உறவினர் பெயரை வைக்க அங்கே இடமில்லை; பண்பாட்டுப் பின்னணி உள்ள பெயர்களையே ஏற்பார்கள். மரபுப் பெயர்களும் பட்டியலில் ஏறிவருகின்றன: பரணி, ரேவதி இரண்டும் இன்று அதிகாரப்பூர்வமான விண்மீன் பெயர்கள்.

7. தூரத்தைக் கணக்கிடுவது

சிம்பாட் பக்கத்தில் ‘இடமாறு தோற்றம்’ என்ற அளவைத் தேடுங்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது, அருகில் உள்ள விண்மீன் தொலைவில் உள்ளவற்றின் பின்னணியில் மிகச் சிறிதாக அசைவதுபோல் தெரியும். அந்த மொத்த அசைவில் பாதி அது. அல்டெபரானுக்கு 48.94 மில்லி வில் வினாடி (ஒரு பாகையில் 3,600 வில் வினாடி; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி வில் வினாடி). 1000ஐ இதனால் வகுத்தால் 20.4 பார்செக் (வானியலாளர்களின் தூர அலகு; ஒன்று 3.26 ஒளியாண்டு). அதை 3.26ஆல் பெருக்கினால் சுமார் 66.6 ஒளியாண்டு.

சில புத்தகங்களில் 65 என்று இருக்கும். எது சரி என்று ஒரு வாரம் அலைந்தேன். ஹிப்பார்க்கஸ் தரவை 1997இல் வெளியிட்டபோது கிடைத்த அளவு 50.09, அதன்படி 65 ஒளியாண்டு. அதே தரவைப் பிறகு மறுபடியும் கணக்கிட்டபோது 48.94 ஆனது. இரண்டு எண்களும் ஒரே செயற்கைக்கோளிலிருந்து வந்தவைதான். உங்கள் தாளில் தூரத்துக்கு அருகில் எந்த இடமாறு தோற்றத்தைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

‘கையா விண்கலம் இதைவிடத் துல்லியம், அதில் பாருங்கள்’ என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். மங்கலான விண்மீன்களுக்கு அது முற்றிலும் சரி. அல்டெபரான் அளவுக்குப் பிரகாசமானவை கையாவின் உணரிகளைத் திகைக்கவைத்துவிடும். அவற்றுக்கு இன்றும் ஹிப்பார்க்கஸ்தான் துணை. நான் கையா பட்டியலில் மூன்று நாள் தேடியது வீண்.

8. நிறம், வெப்பநிலை, வகை

நிறமாலை வகை என்ற இடத்தில் கே5 என்றும், அதன் பின் ரோமன் எண்ணில் மூன்று என்றும் இருக்கும். எழுத்து வெப்பநிலையைச் சொல்கிறது: ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று சூடானதிலிருந்து குளிர்ந்ததை நோக்கி வரிசை. ரோமன் எண் உடல் வகையைச் சொல்கிறது: ஒன்று மீராட்சதன், மூன்று ராட்சதன், ஐந்து சூரியனைப் போன்ற சாதாரண விண்மீன். சூரியன் ஜி2, ஐந்து. பெட்டல்ஜூஸின் எண் ஒன்று. சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த ரோமன் எண்ணைப் பாருங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். சிவப்புக் குள்ளன் என்ற வகையும் எம் எழுத்தோடுதான் வரும். அதன் எண் ஐந்து. சூரியனைவிடச் சிறியது அது.

அடுத்து நிறக் குறியீடு. நீல வடிகட்டியில் அளந்த பொலிவு எண்ணிலிருந்து, கண்ணுக்கு நெருக்கமான வடிகட்டியில் அளந்த எண்ணைக் கழித்தால் கிடைப்பது. சூரியனுக்கு 0.65, ஆர்க்டரஸுக்கு 1.23, அல்டெபரானுக்கு 1.54. எண் கூடக் கூடச் சிவப்பும் கூடும்.

அல்டெபரானின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின். சூரியனுக்குச் சுமார் 5,770. குளிர்ந்த விண்மீன் எப்படி இவ்வளவு பிரகாசமாக இருக்க முடியும்? மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்துபோனால், எரிபொருள் இல்லாத ஹீலியக் கரு சுருங்கிச் சூடாகிறது. அதைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் முன்னைவிட வேகமாக எரிகிறது. உள்ளே பெருகும் ஆற்றல் வெளி உறையை ஊதிப் பெரிதாக்குகிறது. பரப்பு பல நூறு, ஆயிரம் மடங்கு விரிவதால், ஒவ்வொரு சதுர மீட்டரும் முன்பைவிடக் குளிர்ந்து சிவக்கிறது; மொத்த ஒளியோ கூடுகிறது. நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இதே வழியில் போகும்.

9. அளவு, ஒளி, நிறை

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி உங்களுக்கும் கிடைக்கும்.

அல்டெபரானின் கோண விட்டம், அதாவது பூமியிலிருந்து பார்க்கையில் வானில் அது அடைக்கும் அகலம், சுமார் 0.0206 வில் வினாடி. இதைப் பார்செக்கில் உள்ள தூரத்தால் பெருக்கினால், விட்டம் பூமி–சூரியத் தூர அலகில் (ஓர் அலகு சுமார் 15 கோடி கிலோமீட்டர்) நேரடியாக வரும்: 0.0206 × 20.4 = 0.42. அதாவது சுமார் 6.3 கோடி கிலோமீட்டர். சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் 45. சூரியன் இருக்கும் இடத்தில் அல்டெபரானை வைத்தால், புதன் கோளின் பாதை வரை உள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றே மேல் அதன் உடல் நிரப்பிவிடும்.

இனி ஒளி. ஆரத்தின் மடங்கை இரண்டு முறை, வெப்பநிலையின் மடங்கை நான்கு முறை பெருக்க வேண்டும். 45 × 45 = 2025. 3,900ஐ 5,770ஆல் வகுத்து, அதை நான்கு முறை பெருக்கினால் 0.21. இரண்டையும் பெருக்கினால் சூரியனைப் போல சுமார் 420 மடங்கு.

சில இடங்களில் 150, 160 மடங்கு என்றும் படிப்பீர்கள். அது பொய்யல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் கணக்கிட்டால் அவ்வளவுதான் வரும். குளிர்ந்த விண்மீன் தன் ஆற்றலில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியிடுகிறது. ஆகவே ‘மொத்த ஒளி’யா, ‘கட்புல ஒளி’யா என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். சிவப்பு ராட்சதர்களைப் பற்றிய கட்டுரைகளில் நான் கண்ட முரண்களில் பாதி இதனால் வந்தவை.

நிறைதான் எல்லாவற்றிலும் கடினம். துணை இல்லாமல் தனியாக நிற்கும் விண்மீனை எடைபோட நேரடி வழி கிடையாது. அல்டெபரானின் மேற்பரப்பு நடுங்குவதை ஆராய்ந்து 2018இல் வந்த முடிவு, சூரியனைப் போல 1.16 மடங்கு. ராட்சதன் என்றாலே எடை மிகுந்தது என்ற நினைப்பு இங்கே உடைகிறது. சூரியனைவிடச் சற்றே அதிகப் பொருள், 90,000 மடங்குக்கு மேற்பட்ட கன அளவில் பரவிக் கிடக்கிறது. சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டால், நாம் மூச்சு விடும் காற்றின் அடர்த்தியில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. கருவில் மட்டும் பொருள் கெட்டியாக இறுகியிருக்கிறது.

கோள் உண்டா என்று கேட்பார்கள். 629 நாட்களில் சுற்றிவரும் ஒரு பெரிய கோள் இருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. 2019இல் வந்த மறு ஆய்வு அதை ஐயத்துக்கு உள்ளாக்கியது. தாளில் கோள் பற்றிய கட்டத்தை நான் பென்சிலால்தான் நிரப்பியிருக்கிறேன்.

10. ஒளி மாற்றத்தைப் பதிவு செய்வது

அல்டெபரானின் பொலிவு எண் 0.75க்கும் 0.95க்கும் இடையில் மெல்ல மாறும். கண்ணுக்குப் புலப்படுவது கடினம். மாற்றத்தைக் காண விரும்பினால் மீராவைத் தொடருங்கள். ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒருமுறை வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்து, பிறகு பைனாகுலருக்கும் சிரமம் தரும் அளவுக்கு மங்கும். வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம் போதும்.

அருகில் உள்ள, பொலிவு எண் தெரிந்த இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும். சிவப்பு விண்மீனை உற்று நோக்கிக்கொண்டே இருக்காதீர்கள். பார்க்கப் பார்க்க அது பிரகாசம் கூடுவதுபோல் கண்ணுக்குத் தோன்றும், எண் தவறாகிவிடும். சட்டென்று ஒரு பார்வை, அடுத்ததுக்கு ஒரு பார்வை, மறுபடியும் முதலாவது. நாள், நேரம், வானத்தின் நிலை மூன்றையும் உடனே எழுதுங்கள். மறுநாள் காலை நினைவிலிருந்து எழுதிய என் முதல் மாதப் பதிவுகள் முழுவதையும் நீக்க வேண்டியதாயிற்று.

11. தாளை முடிப்பது

ஒரே பக்கம். மேலே அதிகாரப்பூர்வப் பெயர், அதன் கீழ் மரபுப் பெயர், எழுத்துப் பெயர், எண் பெயர், இரண்டு பட்டியல் எண்கள், ஆண்டு குறித்த முகவரி. நடுவில் இடமாறு தோற்றம், தூரம், நிறமாலை வகை, நிறக் குறியீடு, வெப்பநிலை, ஆரம், மொத்த ஒளி, நிறை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது. புதிய அளவீடு வரும்போது எதை மாற்றுவது என்று அப்போதுதான் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை சிம்பாட் பக்கத்தைத் திறந்து சரிபார்த்தால் போதும்.

கீழே ஒரு வரியைக் காலியாக விடுங்கள்: முதன்முதலில் கண்ணால் பார்த்த நாளும் நேரமும், பார்த்தவரின் பெயரும். அக்காவின் மகளுக்கு நான் எழுதிய தாளில் அந்த வரி ஜனவரி மாதத்து ஓர் இரவில் நிரம்பியது. அவளைத் தோளில் தூக்கி, இடைவாரிலிருந்து விரலால் கோடு இழுத்துக் காட்டினேன்.

இன்னும் ஒரு தேதியை ஓரத்தில் குறித்துவையுங்கள். நிலாவின் பாதையில் அல்டெபரான் இருப்பதால், சில ஆண்டுகளில் மாதந்தோறும் நிலா அதன் முன்னால் வந்து மறைக்கும். கடந்த தொடர் 2015 முதல் 2018 வரை நடந்தது. அடுத்தது 2033இல் தொடங்குகிறது. எந்த மறைப்பு எந்த ஊரில் தெரியும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஸ்டெல்லேரியத்தில் உங்கள் இடத்தையும் தேதியையும் கொடுத்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். மறைப்புக்கு அரை மணி நேரம் முன்பே பைனாகுலரோடு இருங்கள்.